குடியும் கொடியும்

றுமானா தன் ஆயுளில் பதிப்பித்தது ஒரேயொரு புத்தகம். அதில் ஒரு சொல் பிழை என்று அவளுக்குத் தெரியவந்த அன்று கற்பிட்டியில் மூன்றாவது நாளாக மழை.

ஜெமீலா ராத்தாதான் போனில் கூப்பிட்டார். கடற்கரையில் கருவாடு காயப்போடும் வாடி வைத்திருக்கும் மனுஷி. காற்றோடு போட்டி போட்டுப் பழகிய குரல் போனிலும் உரத்துத்தான் வரும்.

"றுமானா, ஒங்கட கிதாபு நனஞ்சி பெய்த்து புள்ள. ஓட்டால ஒழுகி அலுமாரிக்குள்ள தண்ணி. அட்ட ஊதிக் கெடக்கு. வந்து ஒருக்காப் பாருங்க."

கிதாபு ஜெமீலாவின் குடும்பத்துச் சொத்து. ஆனால் பத்து வருடமாக றுமானா அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததால், அந்த வீட்டில் எல்லோருக்கும் அது "றுமானாட கிதாபு" ஆகிவிட்டது. அவள் குடையை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

அது நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய கையெழுத்துப் பிரதி. அறபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத் தமிழில், 'கப்பல் மாலை' என்று ஒரு நீண்ட பாட்டு. கப்பலோட்டி ஒருவர், பஞ்ச காலத்தில் கரை கரையாகப் போய் வந்தவர், கடைசிப் பயணத்தில் கப்பலோடு மூழ்கிப்போன கதை. றுமானாவின் வாப்பாவுக்கு அந்தப் பாட்டு முழுதும் மனப்பாடம். மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் சாய்கதிரையில் கிடந்தபடி ஓதுவார். நாற்பத்தோராவது கண்ணிக்கு வரும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்வார். "கற்பிட்டிக் கரையிலே கொடியிறக்கிப் போனாரே." கப்பல் தன் கொடியை இறக்கி, இந்த ஊருக்கு ஸலாம் சொல்லிப் போகிற இடம். பல்கலைக்கழகத்தில் இருபத்தெட்டு வருடம் அறபு படிப்பித்த றுமானாவுக்கு, அந்த மொழி மீது முதல் ஆசை வந்ததே அந்த வரியில் வாப்பாவின் குரல் தளர்வதைக் கேட்டுத்தான்.

பாட்டைப் பதிப்பிக்கப் போவதாக ஒரு பத்திரிகையில் அவள் எழுதிய மறுவாரம் ஒரு கடிதம் வந்தது. குறிஞ்சிப்பிட்டியிலிருந்து தவச்செல்வன் என்ற தமிழாசிரியர் எழுதியிருந்தார். சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர். "நீங்கள் குறிப்பிடும் பாட்டு எங்கள் வீட்டில் ஓலையில் இருக்கிறது. ஓலையில் அதைப் பிரதி எழுதியவர் என் பூட்டனார், பள்ளிக்கூடம் நடத்திய கதிரேசுச் சட்டம்பியார். நான் வள்ளத்தில் வரும்போது கொண்டுவந்த ஒரே பெட்டிக்குள் அதுவும் இருந்தது."

ஒரே பாட்டு, இரண்டு எழுத்து.

அடுத்த நான்கு வருடம்போல அவள் வாழ்க்கையில் வேறு காலம் இருந்ததில்லை. விடுமுறைக்கு ஊர் வந்தால் முதலில் குறிஞ்சிப்பிட்டிக்குப் போவாள். வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன வீட்டின் மேசையில் அவள் கிதாபின் படங்களை விரிக்க, தவச்செல்வன் ஓலையை விரிப்பார். அவருடைய மனைவி சுதர்சனா தேத்தண்ணி வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சண்டை பிடியுங்கோ, நான் தோட்டத்துக்குப் போட்டு வாறன்" என்பார்.

சண்டை என்றால் எழுத்துச் சண்டை. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளைகள். அறபுத் தமிழில் உகரத்துக்குப் போடுகிற குறியோடு இன்னொரு சின்னக் குறி சேர்த்தால்தான் ஒகரம். அவசரமாக எழுதுகிறவர் அதை விட்டுவிட்டால் 'தொடு' என்பதும் 'துடு' என்பதும் ஒன்றாகிவிடும். ஒரு எழுத்து மறைத்ததை மற்ற எழுத்து காட்டிக்கொடுத்தது. அவள் தடுக்கிய இடத்தில் அவர் கை கொடுத்தார். அவர் தடுக்கிய இடத்தில் அவள்.

அந்த மேசையிலேயே இன்னொரு புத்தகமும் முளைத்தது. இருவரும் சேர்ந்து எழுதவேண்டியது. பழைய காலத்தில், வெவ்வேறு தேசங்களில், ஒரு பிரதியில் சந்தேகமான சொல் கண்டால் படித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். ஹதீஸ் அறிஞர்கள் அந்தச் சொல்லை அழிக்கமாட்டார்கள். தலைக்கு மேல் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டு, தங்கள் கருத்தை ஓரத்தில் எழுதுவார்கள். யூதர்கள் எழுதியிருப்பதை எழுதியபடி விட்டு, வாசிக்கவேண்டிய விதத்தைப் பக்கத்தில் குறிப்பார்கள். கிரேக்கர்கள் ஐயமான வரிக்குப் பக்கத்தில் ஒரு குறுங்கோடு போட்டுவிட்டு வரியை அங்கேயே வைத்திருப்பார்கள். சீனத்துப் பழைய அறிஞர்கள் சந்தேகத்தைச் சந்தேகமாகவே விடு என்றார்கள். தமிழ் உரைகாரர்கள் இப்படிப் பாடம் ஓதுவாரும் உண்டு என்று சொல்லி மற்றவருக்கும் ஓரிடம் வைத்தார்கள்.

"ஒருத்தரை ஒருத்தர் கண்டதில்லை. ஒருத்தற்ற பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனால் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் செய்திருக்கினம். என்ன றுமானா?" என்று தவச்செல்வன் ஒருநாள் கேட்டார்.

"அழிக்கப் பயந்திருக்காங்க சேர்" என்றாள் அவள்.

"பயமில்லை. அடக்கம்."

இவ்வளவும் படித்தவள்தான், நாற்பத்தோராவது கண்ணியில் அடக்கத்தை விட்டாள்.

கிதாபில் அந்தச் சொல் 'குடி' என்றும் வாசிக்கலாம், 'கொடி' என்றும் வாசிக்கலாம். ஒகரக் குறி இல்லை. ஓலையிலோ சந்தேகத்துக்கே இடமில்லாமல் 'குடி' என்று இருந்தது. குடியிறக்கிப் போனாரே. கப்பல் கொண்டுவந்து இறக்கியது குடும்பங்களை.

"அடுத்த கண்ணியைப் பாருங்கோ" என்றார் தவச்செல்வன். "கைக்குழந்தை அழுகையிலும் எண்டு வருது. கொடி இறக்கிற இடத்தில கைக்குழந்தைக்கு என்ன வேலை? பஞ்சத்தில அவதிப்பட்ட சனத்தை ஏத்திக்கொண்டு வந்து இஞ்ச இறக்கியிருக்கிறார் அந்த மனுசன். இன்னும் ஏத்தத்தான் திரும்பிப் போயிருக்கிறார். போன இடத்திலதான் கப்பல் கடலுக்குள்ள தாண்டது."

"கப்பல் போறதப் பாத்து ஊர்ச் சனம் அழுது சேர். புள்ளையளும் அழும்."

"நானும் அப்பிடி இந்தக் கரையில இறங்கின ஆள்தான் றுமானா. அதால சொல்லேல்ல. ஓலையில கிடக்கிறதால சொல்லுறன்."

"வாப்பா கொடி எண்டுதான் ஓதினார்."

அதோடு கதை நிற்கும். வாப்பா மௌத்தாகி மூன்று வருடம்கூட ஆகாத நேரம் அது.

அச்சுக்குப் போகும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "கொடி எண்டே போடுங்கோ. கீழ ஒரு குறிப்பில ஓலையில் குடி எண்டிருக்கு எண்டு ஒரு வரி எழுதிவிடுங்கோ. எனக்கு அது காணும்." றுமானா ஓம் என்றாள். பிறகு, ஓதுகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்று வெளியீட்டாளர் சொன்னபோது எல்லா அடிக்குறிப்புகளையும் எடுத்துவிடச் சம்மதித்தாள். அவரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று இரண்டு தரம் போனைக் கையில் எடுத்து, பிறகு சொல்வோம் என்று வைத்துவிட்டாள்.

வெளியீட்டு விழா புத்தளத்தில் நடந்தது. மண்டபம் நிறைந்த கூட்டம். தவச்செல்வன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, சுதர்சனாவோடு இரண்டாவது வரிசையில் இருந்தார். கையில் கொடுத்த புத்தகத்தைப் புரட்டினார். நாற்பத்தோராவது கண்ணி இருந்த பக்கத்தில் அவர் விரல் நின்றதை மேடையிலிருந்தே றுமானா கண்டாள். கீழே பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடியும் முந்திய பக்கத்துக்கு வந்தார்.

கேள்வி நேரத்தில் யாரோ ஒருவர் எழும்பி, ஓலையில் சில இடம் வேறு மாதிரி இருக்கிறதாமே என்று கேட்டார். தவச்செல்வன் சொல்லிவைத்துக் கேட்கப்பட்ட கேள்வி என்று அவளுக்கு அந்தக் கணத்தில் பட்டது. அது அப்படியில்லை என்று பின்னாளில் அறிந்தாள். ஆனால் அப்போது முகம் சூடேறிவிட்டது.

"எங்கள் மரபில் ஒரு சொல்லை ஏற்றுக்கொள்ள முன்னர், அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று கேட்போம்" என்றாள் ஒலிவாங்கியில். "இந்தப் பாட்டை நான் என் வாப்பாவின் வாயால் கேட்டேன். அவர் தன் வாப்பாவிடம் கேட்டார். அந்த ஓலையை எழுதியது யாரோ ஒரு சட்டம்பியார். அவருக்குச் சாட்சி யார்? விளங்காத பாட்டை விளங்காமலே எழுதி வைத்திருப்பார்."

கூட்டம் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். வாழ்நாளில் அவள் திருப்பி எடுத்துக்கொள்ள விரும்பிய ஒன்று இருந்தால் அது அந்தச் சிரிப்புத்தான்.

விழா முடிந்து தேடியபோது இரண்டாவது வரிசையில் இரண்டு கதிரைகள் வெறுமையாக இருந்தன. இருவரும் எழுதவேண்டிய புத்தகத்துக்கான அவருடைய பங்கு ஒரு மாதத்தில் தபாலில் வந்தது. உள்ளே ஒரு துண்டு: "நீங்களே முடியுங்கள். என் பெயர் தேவையில்லை."

அவள் முடிக்கவுமில்லை, போகவுமில்லை. முதல் வருடம் கோபம். அடுத்த வருடம் வெட்கம். பிறகு கொரோனா வந்து, போகாமலிருக்க ஒரு சாட்டும் கிடைத்தது. அதற்குப் பிறகு இவ்வளவு காலம் கழித்து என்ன முகத்தோடு போவது என்ற கேள்வி. ஓய்வு பெற்றுக் கற்பிட்டிக்கே வந்து சேர்ந்தபின், புத்தளம் போகிற பஸ்ஸில் குறிஞ்சிப்பிட்டிச் சந்தி வரும்போதெல்லாம் மற்றப் பக்க யன்னலைப் பார்த்துக்கொண்டு போனாள். அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

ஜெமீலா ராத்தா கிதாபைப் பாயில் துணி விரித்து வைத்திருந்தார். தாள்கள் தப்பிவிட்டன. பின்னட்டைதான் தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. அட்டைக்குள் ஒட்டியிருந்த தாள் ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. பிற்காலத்தில் யாரோ புதிதாகக் கட்டியபோது, கடைசித் தாளை அட்டையோடு சேர்த்து ஒட்டியிருக்கவேண்டும். றுமானா விரலால் மெல்லத் தூக்கினாள். உட்பக்கத்தில் எழுத்து இருந்தது. பிரதி எழுதியவரின் அதே கை.

பழைய அறபுப் பிரதிகளின் முடிவில் அவள் எத்தனையோ தரம் கண்ட வகைக் குறிப்பு அது. எழுதி முடித்தபின் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் மற்றப் பிரதியைப் பார்த்துக்கொண்டு கேட்டு, இரண்டும் ஒத்திருக்கிறதா என்று பார்த்ததற்கான அத்தாட்சி. அது இல்லாத பிரதியை அந்தக் காலத்தில் முழுதாக நம்பமாட்டார்கள். இந்தப் பாட்டுக்கு அப்படியொன்று இல்லை என்று அவளே முன்னுரையில் எழுதியிருந்தாள்.

"என்ன புள்ள, வேர்க்குது ஒங்களுக்கு?" என்றார் ஜெமீலா. "என்ன எழுதி இருக்கு?"

றுமானா வாசித்துக் காட்டவில்லை. தாளைப் படம் எடுத்துக்கொண்டாள். "ராத்தா, நாளைக்கு நான் குறிஞ்சிப்பிட்டிக்குப் போகணும்" என்றாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. சுதர்சனா வாசலில் வெங்காயத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, "இருங்கோ, சொல்லுறன்" என்று உள்ளே போனார். கொஞ்ச நேரம் எடுத்தது.

தவச்செல்வன் அதே மேசைக்குப் பக்கத்தில் இருந்தார். மெலிந்திருந்தார். அவள் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார், ஆனால் சற்றுத் தள்ளி.

"வாங்கோ மிஸ். கதிரை கிடக்கும், பார்த்து இருங்கோ."

மிஸ் என்றார். பிறகுதான் அவர் கண்களை அவள் கவனித்தாள்.

"கண்ணில பிறஷர்" என்றார் சுதர்சனா. "ரெண்டு வருசமாச்சு. வெளிச்சம் இருட்டு தெரியும். வேற ஒண்டும் இல்லை."

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே" என்றாள் றுமானா. சொன்னபிறகு, யார் சொல்லவேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"சொல்லுங்கோ மிஸ். என்ன விஷயமா வந்தனீங்கள்?"

அவர் பார்க்கட்டும் என்று படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். இப்போது அதை மடியில் வைத்து வாசிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வாசிக்கத் தொடங்கினாள்.

"'இந்தப் பிரதியை நான் வாசிக்க, சட்டம்பியார் கதிரேசு தம்முடைய ஏட்டைப் பார்த்துக் கேட்டிருந்தார். ஆறு நாளில் முடிந்தது. நாற்பத்தோராம் கண்ணியில் நான் கொடி என்று ஓதினேன். அவர் நிறுத்திக் குடி என்றார். இருவருமாகப் பாட்டுக் கட்டினவர் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். குடியே சரி. பிழை என்னுடையது. எழுத்து இரண்டுக்கும் இடம் தருவதால் அதை மாற்றவில்லை. ஓதுகிறவர் அறிந்துகொள்க.'"

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார் தவச்செல்வன். அவள் வாசித்தாள். இரண்டாவது தரம் 'சட்டம்பியார் கதிரேசு' என்ற இடத்தில் அவர் உதடும் சேர்ந்து அசைந்தது.

"பாட்டுக் கட்டினவற்ற வீட்டுக்கே போயிருக்கினம்" என்றார் மெதுவாக. "ரெண்டு பேரும் சேர்ந்து."

"ஓம் சேர். அன்டைக்கு மேடையில நான் சாட்சி யார்னு கேட்டேன். அவர்தான் சாட்சி. நான் செஞ்சது பெரிய பிழை. என்ன மன்னிக்கணும்."

அவர் மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு கேள்வி கேட்கட்டே மிஸ்? மழை பெய்யாமல், அந்த அட்டை கழலாமல் இருந்திருந்தால் இண்டைக்கு வந்திருப்பீங்களே?"

றுமானா சுதர்சனாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓம் என்று சொல்லிவிடலாம். கண் தெரியாத மனிதர், முகத்தைப் படிக்கமாட்டார்.

"இல்ல சேர்" என்றாள். "வந்திருக்க மாட்டேன்."

"அதுதான் எனக்குக் கவலை." குரலில் கோபம் இல்லை; அது இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சட்டம்பியார் சரியெண்டு இண்டைக்கு எல்லாரும் சொல்லலாம், தாள் வந்திட்டுது. தாள் வராத நேரத்திலதான் அவருக்கு ஒரு வரி இடம் தேவையாக இருந்தது. அந்த ஓரக்குறிப்புகளை அந்தக் காலத்து ஆக்கள் ஏன் எழுதி வைச்சவை எண்டு நாங்கள் நாலு வருசம் இந்த மேசையில இருந்து கதைச்சனாங்கள். நீங்கள்தான் எனக்கு அறபுக்காரற்ற முறையெல்லாம் சொல்லித் தந்தது. நான் பிழை பிடிக்க வரேல்ல மிஸ். எனக்குத்தான் விளங்கேல்ல, அவ்வளவு படிச்ச நீங்கள் எப்பிடி எண்டு."

"வாப்பாட குரல் சேர்" என்றாள் அவள். "அத விட்டுக் குடுக்க ஏலாமப் போச்சு."

"விளங்குது" என்றார். "அதை நீங்கள் அண்டைக்கே என்னட்டச் சொல்லியிருக்கலாம். நான் கொடியையே வைச்சிருக்கச் சொல்லியிருப்பன்."

சுதர்சனா தேத்தண்ணி கொண்டுவந்தார். கூடவே ஒரு பழைய தகரப் பெட்டியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். யாரும் கேட்கவில்லை. "பாட்டுக்குப் பிறகு முப்பது ஏடு கிடக்கு" என்றார். "பிறகு ரெண்டு பேருமாப் பார்ப்பம் எண்டு வைச்சவை. விழாவுக்குப் பிறகு இவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. கண் இருந்த நாலு வருசமும் அப்பிடியே போட்டுது. பிறகு திறக்கச் சொன்னார். அப்ப எழுத்துத் தெரியேல்ல."

"சுதா, போதும்" என்றார் தவச்செல்வன்.

ஆனால் பெட்டி திறந்துவிட்டது. றுமானா மேல் ஏட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பாட்டின் எழுத்தைவிடச் சிறிய எழுத்து. சட்டம்பியார் தனக்காக எழுதிக்கொண்டது. அவளுக்கு ஓலை வாசிக்கத் தெரியாது. எப்போதும் அவர் வாசிக்க அவள் கேட்டாள், அவ்வளவுதான். முதல் எழுத்து ககரம் என்றாள். அடுத்தது ரகரமோ காலோ தெரியவில்லை என்றாள். கீழே வளைவு இருக்கா என்று கேட்டார். இருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அவர் நாலு சொல்லைச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் அடுத்த எழுத்தோடு பொருந்தவில்லை. ஏட்டை வாங்கி விரல் நுனியால் கீறல்களைத் தடவினார். தன் கையாலேயே படிக்கமுடியுமா என்று பார்ப்பதுபோல் நெற்றியைச் சுருக்கினார். அரை மணித்தியாலம் போய்விட்டது. இரண்டு சொல் வந்தது: 'கற்பிட்டியில் இருந்தபோது.'

"விடுங்கோ" என்றார் அவர். கையால் தடவிப் பெட்டியைக் கண்டுபிடித்து ஏட்டை உள்ளே வைத்தார். "எனக்குத் தலை இடிக்குது."

றுமானா எல்லா ஏடுகளையும் படம் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். எடுங்கோ என்றார். புத்தகம் மறுபடி வந்தால் சட்டம்பியாரின் பெயர் இருக்கவேண்டும் என்றார். உங்கள் பெயர் என்று அவள் தொடங்க, வேண்டாம் என்று கையை உயர்த்தினார்.

படங்களை ஓலை வாசிக்கத் தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்பினாள். ஒருவர் பதில் போடவில்லை. மற்றவர் ஐந்தாறு வரி வாசித்து எழுதி, மிச்சத்துக்கு இந்தக் கையோடு பழகியவர் யாராவது வேண்டும் என்றார். வெளியீட்டாளர் இரண்டாம் பதிப்புக்கு இப்போது வழியில்லை என்றார். றுமானா தானே நான்கு பக்கத்தில் ஒரு திருத்தம் அச்சடித்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதி, புத்தகம் வாங்கியவர்கள் என்று நினைவிருந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். ஜெமீலா ராத்தாவின் வீட்டில் இப்போதும் 'கொடி' என்றுதான் ஓதுகிறார்கள்.

பதினைந்து நாளைக்கு ஒருதரம் குறிஞ்சிப்பிட்டிக்குப் போகிறாள். சில நாள் அவருக்கு மனம் வரும். எழுத்தெழுத்தாக அவள் சொல்ல, அவர் கோர்ப்பார். பல நாள் வராது. ஏழு மாதத்தில் இரண்டரை ஏடு முடிந்திருக்கிறது. அவர் இன்னும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்.

போன கிழமை போனபோது தவச்செல்வன் நித்திரையாக இருந்தார். எழுப்பட்டுமா என்று சுதர்சனா கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, றுமானா அந்தக் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு தான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.